சோபாவுக்குப் பின்னால் நாலாவது ஆள்

அக்கேய் வகுப்பில் என்னோடு ஒரே மேசையில் இருந்து பென்சில் கடித்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். பிரெஞ்சு தெரியாமல் மொன்றியலில் வந்து இறங்கிய பிள்ளைகளைத் தனியாக இருத்தி ஒரு வருடம் பாஷை பழக்குவார்களே, அந்த வகுப்பு. தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தோம். இப்போது உங்களில் இரண்டு பேர் பல் வைத்தியர்கள். ஒருவர் டோர்வலில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு மேலாளர். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஐம்பது கிட்டுகிறது. எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. இனியும் இதை அமுக்கி வைத்திருந்தால் என்னோடேயே போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் குடும்பங்களுக்கென்று ஒரு விழா வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வீடும் தன் நாட்டுச் சாப்பாட்டைக் கொண்டு வரவேண்டும், தன் நாட்டு உடுப்போடு வரவேண்டும், எல்லோரும் எல்லோரையும் அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஆசிரியை மதாம் இதைச் சொன்னபோது கையைத் தட்டிக்கொண்டு சொன்னார். எங்கள் வீடுகளில் யாரும் கையைத் தட்டவில்லை.

அழைப்புக் கடிதத்தின் அடியில் வெட்டிக் கொடுப்பதற்கு ஒரு துண்டு இருந்தது. அம்மா அதை ஜன்னலில் பிடித்து, கள்ள நோட்டோ என்று பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன கேட்டிருக்கு?"

அப்பாவுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் விளங்கும். "வீட்டிலயிருந்து எத்தனை பேர் வருவினம் எண்டு கேட்டிருக்கு. சாப்பாட்டுக்காக்கும்."

"சாப்பாடு நாங்கள்தானே கொண்டுபோறம். பேந்து என்னத்துக்கு உவை எண்ணுகினம்?"

அப்பா பேனையைத் திறந்தார்.

"மூண்டு எண்டு போடுங்கோ. வடிவா, ஆரும் பார்த்தாலும் விளங்கிற மாதிரி மூண்டு எண்டு போடுங்கோ."

அப்பா அந்தக் கட்டத்தை முழுதாக நிறைக்கிற அளவுக்கு ஒரு மூன்று போட்டார். நாங்களோ நாலு பேர்.

நாலாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். அகதிக் கோரிக்கையை நிராகரித்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. மாமா தான் இருந்த அறையை விட்டுப் போனார், நாட்டை விட்டுப் போகவில்லை. சென் மிஷேலில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுச் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மெத்தை போட்டால் சரியாக அமர்ந்தது. அதுதான் மாமாவின் இடம். பொழுது பட்டதும் ஒரு உணவகத்தின் பின்கதவால் போய்க் கோப்பை கழுவுவார். பகலில் சோபாவுக்குப் பின்னால் தூங்குவார். சுவரில் குளிர் அடிக்கும் என்று காதுவரை இழுத்துவிட்ட நீலக் கம்பளித் தொப்பியோடுதான் படுப்பார். வெளியில் இரும்புப் படியில் யாராவது ஏறிவருகிற சத்தம் கேட்டால் எழும்பிக் குளியலறைக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால், தொட்டிக்குள் நிற்பார். அவருடைய செருப்பைத் தூக்கிக் கேக் சுடும் அடுப்புக்குள் வைப்பது என் வேலை. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் நானும் மாமாவும் டீவி பார்ப்போம். பகலில் ஆண் குரல் கேட்கக்கூடாது என்பதால் சத்தம் வைப்பதில்லை. அது டீவியில் வந்த குரல் என்றால் பக்கத்து வீட்டுக்காரி நம்பமாட்டாள் என்று அம்மா முடிவு கட்டியிருந்தார். படம் மட்டும் ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் ஒரு கரடி வரும். அந்தக் கரடிக்கு மாமா என் காதுக்குள் குசுகுசுவென்று குரல் கொடுப்பார். "அட கோதாரி, இந்தக் குளிருக்குள்ள என்னை ஆர் வரச்சொன்னது? எனக்கு ஒரு பிளேன்ரீ ஊத்தித் தாங்கோவன்" என்று கரடி சொல்லும். சிரிப்பு வெளியே வராமல் நான் சோபாவின் குஷனைக் கடிப்பேன். அந்தக் குஷனின் தூசி மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மா எனக்கு ஒரேயொரு கட்டளைதான் போட்டிருந்தார். "மாமா இங்க இருக்கிறது தமிழ் ஆக்களுக்கு மட்டும் தெரியக்கூடாது. ஒரு தமிழ் ஆக்களுக்கும் சொல்லிப்போடாத." எங்கள் ஆட்கள் அப்போது பொலிஸுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை, ஒருவருக்கொருவர்தான் பயந்தார்கள். யாரோ யாரைப் பற்றியோ குடிவரவுக்கு மொட்டைக் கடிதம் போட்டார்களாம். யார் போட்டது? அவராக இருக்கும். இல்லை, அவருடைய மனுசியாக இருக்கும். கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவரின் கைகளைப் பார்த்து, இந்தக் கைதானோ எழுதினது என்று யோசிப்பார்கள். உங்கள் வீட்டில் எங்களைப் பற்றி என்ன கதைத்தார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் உங்களைப் பற்றிக் கதைத்தது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன்.

எல்லோரையும்விடக் கூடச் சந்தேகப்பட்டது மொழிபெயர்ப்பு அன்ரியைத்தான்.

அவரை உங்களுக்கு நினைவிருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள், வேதக்காரி, தனியாக இருந்தவர். கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவராம். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி தொங்கும். மண்ணிறக் கைப்பை ஒன்று, மூடும்போது 'டக்' என்று பெரிய சத்தம் போடும். பள்ளிக்கூடத்தில் பெற்றோரோடு கதைக்க வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான். அகதி விசாரணைக்கும் அவர்தான். அதுதான் வில்லங்கம். அப்பாவின் விசாரணையில் இருந்தவர், மாமாவின் விசாரணையிலும் இருந்தவர். எங்கள் எல்லோருடைய கதையும் அந்தப் பெண்ணின் வாயால்தான் போனது. எல்லாம் தெரிந்த ஒருவரை யார் நம்புவார்கள்?

மாமாவுக்கு அவர்மேல் தீராத கோபம். "நான் அழுதழுது பத்து வசனம் சொன்னன். அவ அதை ரெண்டு வசனத்தில முடிச்சுப்போட்டா. மிச்சம் எட்டையும் விழுங்கிப்போட்டா. அதாலதான் என்ர கேஸ் விழுந்தது" என்பார். அம்மா ஒவ்வொரு முறையும் தலையாட்டுவார்.

விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் மதாம் எங்களுக்குப் பெரிய தாள் தந்து குடும்பத்தை வரையச் சொன்னார். கீழே மூன்று வசனம் எழுத வேண்டும். நீண்ட வசனத்துக்கு வெள்ளி நட்சத்திரம். எனக்கு நட்சத்திரம் என்றால் உயிர். அம்மாவை வரைந்தேன், அப்பாவை வரைந்தேன், என்னை நடுவில் வரைந்தேன். பிறகு சோபாவை வரைந்து, அதற்குப் பின்னால் மாமாவைப் படுக்கவைத்தேன். மீசை வைத்தேன். நீலத் தொப்பி போட்டேன். முதல் வசனம், இது என் குடும்பம். இரண்டாவது, என் மாமா சோபாவுக்குப் பின்னால் தூங்குகிறார். மூன்றாவது, அவர் பகலில் வெளியே போகமாட்டார், மணி அடித்தால் குளியலறையில் ஒளிப்பார்.

விசரி என்று திட்டாதீர்கள். நான் அம்மாவின் கட்டளையை மீறவில்லை. தமிழ் ஆட்களுக்குத்தானே சொல்லக்கூடாது? நான் பிரெஞ்சில் அல்லவா எழுதினேன்? பிரெஞ்சில் எழுதினால் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியவராது, மதாம் ஒருவருக்குத்தான் தெரியும் என்று எட்டு வயதில் நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். மதாம் வாசித்துவிட்டு, மாமாவுக்கு இரவு வேலையா என்று கேட்டு, நான் ஓமென்று தலையாட்டியதும் இரண்டு நட்சத்திரம் ஒட்டினார். இதை விழாவில் தொங்கவிடப் போகிறோம் என்றும் சொன்னாரோ என்னவோ. எனக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா விடிய எழும்பி ரோல்ஸ் செய்தார். வெள்ளைக்காரர் தாங்கமாட்டார்கள் என்று பச்சைமிளகாயைப் பாதியாகக் குறைத்தார். என்னைப் பட்டுப்பாவாடை உடுத்தி, அதற்குக் கீழே பனிக்குப் போடும் தடித்த காற்சட்டையும் போட்டுவிட்டார். நடக்கும்போது பாவாடைக்குள் 'சரக் சரக்' என்று சத்தம் வரும். மாமாவை விட்டுவிட்டுப் புறப்பட்டோம். எங்களை வழியனுப்ப அவர் கதவடிக்குக்கூட வரவில்லை, சோபாவுக்கு மேலால் நீலத் தொப்பி மட்டும் எழும்பி அசைந்தது.

பள்ளிக்கூட ஜிம்மில் நுழைந்ததும் நனைந்த சப்பாத்து மணமும் றப்பர் பந்து மணமும் பத்து நாட்டுச் சாப்பாட்டு மணமும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. ஹெயிட்டிக்காரத் தகப்பன் ஒருவர் மேளம் அடித்துக்கொண்டிருந்தார். போர்த்துக்கல்காரர் கருவாட்டைப் பொரித்து வைத்திருந்தார்கள். எங்கள் மேசையில் பள்ளிக்கூடம் அன்பாக ஒரு சின்னக் கடதாசிக் கொடி நட்டிருந்தது. சிங்கக் கொடி. எங்களை அந்த நாட்டிலிருந்து துரத்திய கொடியை எங்கள் ரோல்ஸுக்கு முன்னால் நட்டிருக்கிறார்கள் என்று மதாமுக்கு எங்கே தெரியப்போகிறது!  அம்மா கொடியைப் படுக்கவைத்து அதற்கு மேலே ரோல்ஸ் தட்டைத் தூக்கி வைத்தார். இடம் பத்தவில்லையாக்கும் என்று நினைத்து மதாம் இன்னொரு மேசை கொண்டுவந்து போட்டார்.

படம் எடுக்கிற ஒருவர் சுற்றிக்கொண்டு திரிந்தார். கமெரா எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் எங்கள் அப்பாமார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூடைப்பந்து வளையத்தில் அக்கறை வந்துவிடும். அந்த விழாப் படங்கள் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் அப்பாமாரின் முதுகுகள்தான் இருக்கும்.

அப்போதுதான் கண்டேன். சுவரோரம் கயிறு கட்டி, உடுப்புக் காயவிடும் கிளிப்பால் எங்கள் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

எனக்கு மூத்திரம் முட்டியது. அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, வாங்கோ, அங்க கேக் இருக்கு" என்று இழுத்தேன். அம்மாவோ படங்களைப் பார்க்கத்தான் போனார். ஐந்து வீட்டு அம்மாமாரும் அங்கே கூடிவிட்டார்கள். படம் விளங்கும், எழுத்து விளங்காது. மதாம் மொழிபெயர்ப்பு அன்ரியைக் கைகாட்டி அழைத்து வாசித்துக் காட்டச் சொன்னார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். உங்கள் படங்கள்தான். "என்ர அப்பா பிளேன் கழுவுறவர். பிளேன் அவரைவிடப் பெரிசு." எல்லோரும் சிரித்தார்கள். "என்ர அம்மா ரெலிபோனில அழுவா, பேந்து சிரிப்பா." அதற்கு யாரும் சிரிக்கவில்லை, அந்த அம்மா மட்டும் மூக்கை உறிஞ்சினார். அடுத்தது என்னுடையது.

 அன்ரி முதலில் தனக்குள் வாசித்தார், உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது வசனத்தில் கண் நின்றது. திரும்ப இரண்டாவதுக்குப் போனது. பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"'இது என்ர குடும்பம்'" என்று வாசித்தார். "'இது அம்மா. இது அப்பா. இது நான்.' அவ்வளவுதான்."

"அப்ப உதில படுத்திருக்கிறது ஆர்?" என்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, அந்த அம்மாமாரில் ஒருத்தி, விரல் வைத்துக் கேட்டாள்.

"அது..." அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "அது தாத்தாவாம். ஊரில செத்துப்போனவர். பிள்ளை கனவில காணுறவளாம்."

"தொப்பியோடயோ?"

"மேல குளிராக்கும்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். அந்தத் தாளில் தாத்தாவும் இல்லை, கனவும் இல்லை என்று அங்கே நின்றவர்களில் எனக்கும் அன்ரிக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நீலத் தொப்பியைத் தெரியும், மீசையைத் தெரியும். என் இரண்டு தாத்தாமாரும் அப்போது ஊரில் உயிரோடு இருந்து, மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஹெயிட்டிக்காரத் தாய் ஒருவர் அம்மாவின் ரோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டு, இதற்கு உறைப்பு எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டார். மற்ற நாளாக இருந்தால் அம்மா ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பார். அன்றைக்கு அம்மாவின் கண் அன்ரி போகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

சப்பாத்துகள் அடுக்கியிருந்த நடைவழியில் அன்ரி என்னைத் தனியாகப் பிடித்தார். முழங்காலை மடித்துக் குந்தி என் உயரத்துக்கு வந்தார். அவரிடமிருந்து சவர்க்காரமும் கோப்பியும் மணத்தன. கையில் நாலாக மடித்த என் படம்.

"பிள்ளை, இதை நான் கொண்டுபோறன். ரீச்சர் கேட்டா கிழிஞ்சு போச்சு எண்டு சொல்லு. இனிமேல் மாமாவைப் பற்றி எந்தப் பாஷையிலயும் எழுதக்கூடாது. விளங்குதோ?"

தலையாட்டினேன். படம் கைப்பைக்குள் போனது. 'டக்.' அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். நடைவழியின் மற்றப் பக்கத்தில் அம்மா எங்கள் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. ஒன்றும் கேட்டிருக்கமாட்டார், பைக்குள் போனதை மட்டும் கண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிச் சங்கிலியும் போட்ட பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"அவ வேணுமெண்டுதான் தாத்தா எண்டவ. எனக்குத் தெரியுமடி எண்டு எனக்குக் காட்டினவ. என்ர முகத்தைப் பார்த்துச் சொன்னவ."

"சும்மா இரும். அந்த மனுசி உள்ளதைத்தான் வாசிச்சிருக்கும்" என்றார் அப்பா.

"உள்ளதெண்டால் படத்தை என்னத்துக்குக் களவெடுக்கிறா? அத்தாட்சி வேணும் அவவுக்கு!"

மாமா சோபாவுக்குப் பின்னால் எழும்பி நின்றார். தொப்பி கோணியிருந்தது. "அக்கா, நான் சொன்னனான்தானே. என்ர கேசையும் உவதான் கெடுத்தவ."

அப்பா இன்னும் நம்பாமல், "ரீச்சர் கழட்டியிருப்பா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். "பிள்ளை, நீ பக்கத்தில நிண்டனிதானே. சொல்லு. அவதானோ எடுத்தது?"

நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ. அன்ரி பொய்யாக வாசித்தார், மாமாவை மறைக்கத்தான் அப்படி வாசித்தார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப அதில என்ன எழுதியிருந்தது? யார் எழுதினது? அந்த நிமிடம்வரை அம்மாவுக்கு நான் ஒரு படம்தான் கீறினேன். மூன்று வசனம் எழுதிக் காட்டிக்கொடுத்தது தெரியாது.

"ஓம்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, பாருங்கள். அவர்தானே எடுத்தார். அந்த ஒரு சொல்லோடு அப்பாவும் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். ரொறொன்ரோவுக்குச் சாமான் ஏற்றப் போகிற ஒருவருடைய வானில், வெறும் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே மாமாவை ஏற்றினார்கள். போகும்போது என் தலையில் கைவைத்து, "கரடியை நான் சுகம் கேட்டதாச் சொல்லு" என்றார். பின்னேரம் அம்மா முதல்தடவையாக டீவிக்குச் சத்தம் வைத்தார். கரடி வந்தது. பிரெஞ்சில் பேசியது. அது சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. குஷனுக்குள் முகத்தை வைத்து அழுதேன். மாமா போன கவலை என்று நினைத்து அம்மா முதுகைத் தடவிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா தொலைபேசி எடுத்தார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்று சொல்லி நாலு வீட்டுக்குச் சொன்னார். உங்கள் வீடுதான் அந்த நாலும். மாமாவைப் பற்றிச் சொல்லவில்லை. "அவவுக்கு முன்னால வாய் திறக்காதையுங்கோ, எல்லாம் அங்க போகுது" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அது போதாதா? பனி உருகுவதற்குள் சென் மிஷேல் முழுக்கத் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு அவர் வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூடமும் கூப்பிடுவதை நிறுத்தியது.

அவர் செய்த வேலையை அதற்குப் பிறகு யார் செய்தது? நாங்கள்தான். எட்டு வயதில் நான் டாக்டருக்கு அம்மாவின் கர்ப்பப்பை நோவை மொழிபெயர்த்தேன். அந்தச் சொல் எனக்குத் தமிழிலும் தெரியாது, பிரெஞ்சிலும் தெரியாது, என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். என் பள்ளிக்கூட அறிக்கையை நானே அம்மாவுக்கு வாசித்தேன். வகுப்பில் கதை கூட என்று மதாம் சொன்னதை, நல்லாக் கதைக்கிறாவாம் என்று மாற்றிவிட்டேன். நீங்களும் இப்படித்தான் வங்கியிலும் வீட்டுக்காரனிடமும் போய் நின்றீர்கள் என்று பிறகு சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கு ஏன் அந்தச் சுமை வந்தது என்று கேட்டவர்களுக்கு இதுதான் மறுமொழி. என்னால் வந்தது.

சித்திரை மாதம்போல ஒருநாள் தெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் அன்ரி பால் வாங்கிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் கை உயர்த்தினார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு, கணுக்கால்வரை சேற்றுப் பனியில் புதைய, மற்றக் கரைக்குக் கடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அன்ரி உயர்த்திய கையை அப்படியே கொண்டுபோய்த் தலைமயிரை ஒதுக்குவதுபோல ஒதுக்கினார். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

பிறகு மாமாவுக்கு எல்லாம் சரிவந்தது. கலியாணம், வதிவிடக் கடதாசி, ஸ்காபரோவில் வீடு, மூன்று பிள்ளைகள். இப்போது எந்தக் கலியாண வீட்டிலும் இரண்டாவது கிளாசோடு இந்தக் கதையை எடுத்துவிடுவார். "அந்த உளவுக்காரி எனக்கு வைச்ச கண்ணியில இருந்து ஒரு நாளில தப்பினன் பாருங்கோ" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். முப்பத்தெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

இந்த வசந்தத்தில் என் கடைசி மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. குடும்ப விழா, எல்லா நாட்டுச் சாப்பாடும், எல்லா நாட்டு உடுப்பும். அதே பள்ளிக்கூடம்தான். வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டிருந்தது. அந்த இடத்தில் என் பெருவிரல் கொஞ்ச நேரம் நின்றதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜிம்மில் அதே றப்பர் மணம், அதே மேளம். கயிற்றில் பிள்ளைகளின் படங்கள். என் மகள் என்னைத் தொலைபேசியோடு வரைந்திருந்தாள். உடுப்புக் கொளுவும் இடத்துக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு வயதுபோன பெண் பொல்லோடு இருந்தார். மடியில் மண்ணிறக் கைப்பை. ஹெயிட்டிக்காரக் குடும்பம் ஒன்று, அவருடைய மேல்வீட்டுக்காரர், தங்கள் ஆளாக எண்ணி அவரையும் கூட்டி வந்திருந்தது.

போய் முன்னால் நின்றேன். யாருடைய மகள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கனநேரம் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றிவரப் பார்த்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"பிள்ளை, உங்கட மாமாவை அனுப்பிப்போட்டாங்களோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க அனுப்பினது?"

"ஊருக்கு. அண்டைக்கு நான் அந்தப் படத்துக்கு முன்னால கனநேரம் நிண்டிட்டன். ஆரோ கவனிச்சுப்போட்டினம், என்னாலதான் பிடிபட்டுப்போனார் எண்டு நினைச்சன். இல்லாட்டி ஏன் எல்லாரும் என்னோட கதைக்காமல் விடுறீங்கள்? அந்த நேரம் ஊருக்கு அனுப்பினால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியுந்தானே. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திறனான். செத்த ஆக்களின்ர பக்கத்தில."

"அன்ரி, மாமா உயிரோட இருக்கிறார். ஸ்காபரோவில. மூண்டு பிள்ளையள்."

 அவர் மெல்லச் சிரித்தார். "மூண்டு பிள்ளையளோ! மீசை இன்னும் இருக்கோ?" படத்தை அன்றைக்கே கழுவுதொட்டியில் வைத்து எரித்ததாகச் சொன்னார். "நல்ல படம். மீசை நல்லா வந்திருந்தது. எரிக்க மனம் வரேல்லை." சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "அப்ப ஏன் பிள்ளை அம்மா என்னோட கதைக்கேல்லை?"

சொன்னேன். வசனங்களைச் சொன்னேன், அம்மாவின் கேள்வியைச் சொன்னேன், நான் 'ஓம்' என்றதையும் சொன்னேன். என் மூக்கு ஒழுகியது, துடைக்கவும் இல்லை. அவர் பொல்லின் கைபிடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உமக்கு அப்ப என்ன வயசு?"

"எட்டு, அன்ரி."

"எட்டு வயசு சின்னன்தான்" என்றார். கொஞ்ச நேரம் மேளம் அடிக்கிற பக்கம் பார்த்தார். "எனக்கு அப்ப நாப்பத்தொண்டு."

 எழும்பும்போது ஒன்று மட்டும் கேட்டார். "அந்தப் பெடியன்ர குரலை ஒருக்காக் கேக்கலாமோ? நம்பர் இருந்தால் தாரும்." விழாக் கைதுடைக்கும் தாளில் மாமாவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்து மூடினார். 'டக்.'

அவர் இன்னும் சென் மிஷேலில்தான் இருக்கிறார். விலாசம் வேண்டுபவர்கள் என்னிடம் கேளுங்கள். உங்கள் அம்மாமார் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா டொலார்-தே-ஓர்மோவில், பிறகு இங்கே பிறந்த என் தம்பியின் வீட்டில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மெழுகுதிரியையும் சொன்னேன். அம்மா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகும் பேசவில்லை. அழுகிறாராக்கும் என்று நினைத்து நானும் பேசாமல் காத்திருந்தேன்.

"பிள்ளை" என்றார் கடைசியில், குரலை நன்றாகத் தாழ்த்தி. "மாமாவின்ர நம்பரை அவவுக்குக் குடுத்தனியோ?"

"ஓம்" என்றேன்.